பிள்ளைகளின் ஓவியங்கள், பள்ளித் தாள்கள்: நம் ஊர் ஈரத்தில் எப்படிப் பத்திரப்படுத்துவது?

செராஸ்_அம்மா கேட்டது:

வணக்கம். மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு, சின்னவள் பாலர் பள்ளி. இரண்டு பேருடைய படங்களும் பள்ளித் தாள்களும் மூன்று பெரிய பிளாஸ்டிக் பைகளில் ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. கோலாலம்பூரில் அடுக்குமாடிக் கொண்டோ, ஒன்பதாவது மாடி. ஸ்டோரில் ஜன்னல் இல்லை.

இப்போது உள்ள நிலை இது. போஸ்டர் கலர் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில தாள்களில் பழுப்புப் புள்ளி. மெழுகு வண்ணம் தீட்டியவற்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, பூஞ்சையா என்று தெரியவில்லை. பச்சைப்பயறும் அரிசியும் ஒட்டிச் செய்த தேசியக் கொடியில் வண்டு. பைக்கு அடியில் வெள்ளி நிறத்தில் ஓடும் இராமபாணப் பூச்சி இரண்டு மூன்று.

எல்லாவற்றையும் லேமினேட் செய்து கோப்பில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கிட்டத்தட்ட 300 தாள். சரியா? அந்துருண்டை போட்டால் போதுமா?

ஈப்போ_ரோடு_பைண்டர் பதில்:

லேமினேட்டை முதலில் நிறுத்துங்கள், சிஸ்டர். அந்த இயந்திரம் நூறு டிகிரிக்கு மேல் சூடாகும். மெழுகு வண்ணம் 60 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே போனது பரவி எண்ணெய்க் கறையாக வெளியே வரும். அதைவிட முக்கியம், திரும்ப எடுக்க முடியாது. தாளில் இருக்கும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓரத்தைத் தாளோடு ஒட்ட வெட்டிவிட்டால் அந்த வெட்டு வழியாக இன்னும் ஈரம் ஏறும். கதவில் ஒட்டப் போகிற ஒரு சான்றிதழ் நகல், கால அட்டவணை, இதற்கெல்லாம் லேமினேட் நல்லது. பத்திரப்படுத்தும் பொருளுக்கு ஆகாது.

உங்கள் பிரச்சினை முழுக்க ஈரம்தான். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதம். 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்கு வசதி. இராமபாணத்துக்கும் அந்த ஈரம்தான் பிடிக்கும். ஈரத்தை 50 பக்கம் இறக்கிவிட்டால் பூஞ்சை, பூச்சி, ஒட்டல் மூன்றும் சேர்ந்து அடங்கும். இறக்காமல் என்ன மருந்து வைத்தாலும் வீண்.

நிறையப் பேர் செய்யும் தவறு, காற்றுப் புகாத பெட்டி வாங்கி, அன்றே தாள்களை அடுக்கி, ஷூ பெட்டியில் வந்த சின்ன சிலிகா ஜெல் பொட்டலத்தைப் போட்டு மூடிவிடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 135 கிராம் எடையுள்ள வரைதாள், ஏ4 அளவு, ஒன்று எட்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். 240 தாள் என்றால் 2 கிலோ. 80 சதவீத ஈரத்தில் இருந்த தாள் தன் எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். அதை 50க்கு இறக்க வேண்டுமானால் 80 முதல் 100 கிராம் தண்ணீர் வெளியே வர வேண்டும். சிலிகா ஜெல் அந்த ஈரத்தில் தன் எடையில் கால் பங்கு அளவுதான் குடிக்கும். ஆக, தேவை 300 முதல் 400 கிராம். ஐந்து கிராம் பொட்டலம் எந்த மூலைக்கு?

அதனால் முதலில் உலர்த்துங்கள், பிறகு மூடுங்கள். ஏர்கோன் அறையில் தாள்களை ஒற்றை ஒற்றையாகக் கட்டில் மேலும் தரையிலும் பரப்பி, உலர் முறையில் ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒற்றைத் தாள் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். கட்டாக வைத்தால் நடுத் தாளுக்கு நாள் கணக்கில் ஆகும், அதனால் சோம்பல் பார்க்காமல் பரப்புங்கள். காலையில் ஏர்கோனை அணைப்பதற்கு முன்பே அதே அறையில் வைத்து மூடிவிட வேண்டும். அணைத்துவிட்டுப் பசியாறி வந்து மூடினால் பாதி ஈரம் திரும்ப ஏறியிருக்கும். இப்படிச் செய்தால் 2 கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் சிலிகா ஜெல் போதும். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும் வகை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பருத்தித் துணிப் பையில் கட்டிப் பெட்டியின் ஓரத்தில் வையுங்கள், தாளைத் தொடக் கூடாது. பச்சையானதும் கேக் சுடும் அவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும்.

அலமாரியில் தொங்கவிடும், தண்ணீர் சேரும் வகை ஈர உறிஞ்சியைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். அது சேர்ப்பது வெறும் தண்ணீரில்லை, உப்புக் கரைசல். கவிழ்ந்தால் கதை முடிந்தது.

பெட்டி: அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் பாலிப்ரொப்பிலீன், அது சரி. 3 என்றால் பிவிசி, தவிர்க்கவும். உள் அளவு குறைந்தது 45க்கு 32 சென்டிமீட்டர். ஏ3 தாள் மடங்காமல் படுக்க அவ்வளவு வேண்டும்.

ஜெலுத்தோங்_காக்கா பதில்:

பைண்டர் அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். உலர்த்த ஏர்கோன் இல்லாத வீடு என்றால் காற்றுப் புகாத பெட்டி ஆபத்து. ஈரத்தோடு மூடினால் அது பூஞ்சைப் பண்ணை. அப்படிப்பட்டவர்கள் அட்டைப் பெட்டியில், வெளிச்சுவரை ஒட்டாமல், படுக்கையறை அலமாரியின் மேல் தட்டில் வைப்பதே மேல். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து காற்றாட விட வேண்டும். இல்லையென்றால் கேமரா வைக்கும் மின்சார உலர்பெட்டி. 50 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

எங்கள் பினாங்குப் பக்கத்துத் தரைவீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைதான் எல்லோரும் பழைய சாமான் போடும் இடம். கரையானும் தரை ஈரமும் முதலில் வருவதும் அங்கேதான். 2017 நவம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தரையில் எதையும் வைக்காதீர்கள், மாடி இருந்தால் மாடிக்கு ஏற்றுங்கள். நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காய வைக்க வேண்டும், அதற்கு மேல் பூஞ்சை ஆரம்பித்துவிடும். நிறைய நனைந்து கைகொள்ளவில்லை என்றால், ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் மெழுகுத்தாள் வைத்து, பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காய வைக்கலாம்.

செராஸ்_அம்மா:

நன்றி அண்ணே. முப்பது தாள் ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டேன். உரித்துவிடலாமா? அந்த வெள்ளைப் படிவம், வண்டு, ஒட்டிக்கொண்ட படங்கள், இவற்றுக்கு என்ன செய்வது?

தாள்_வைத்தியர் பதில்:

உரிக்காதீர்கள். தாளின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு போய்விடும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்படியே வெளிச்சம் படாத இடத்தில் விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் படிவம்: கைப்பேசியை மேக்ரோவில் வைத்துக் கிட்டத்தில் பாருங்கள். வண்ணம் தீட்டிய இடத்தில் மட்டும், கோடுகள் போன திசையிலேயே, திராட்சைப் பழத்தின் மேல் இருக்கும் மாவு போல மெல்லிய பூச்சாக இருந்தால் அது பூஞ்சை இல்லை. மெழுகிலும் எண்ணெய்ப் பாஸ்டலிலும் உள்ள கொழுப்பு மேலே வந்து உறைந்தது. மென்மையான பழைய பனியன் துணியால் லேசாகத் தடவினால் போய்விடும். பஞ்சு நூல் போலக் கிளை விட்டு, வண்ணத்தைத் தாண்டி வெறும் தாளிலும் வட்டம் வட்டமாக ஓடியிருந்தால், மூடிக்கிடந்த துணி வாடை அடித்தால், அது பூஞ்சை.

பூஞ்சை பிடித்ததை அப்படியே துடைத்தால் தாளுக்குள் இறங்கும். முதலில் பைக்குள் போட்டு மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஏர்கோன் அறையில் இரண்டு நாள் காய விடுங்கள். காய்ந்ததும் பூஞ்சை பொடியாகும். அப்போது பால்கனியில், என்95 முகக்கவசம் போட்டு, அகலமான மென்தூரிகையால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். குளோராக்ஸ், டெட்டால் எதுவும் தாளில் படக் கூடாது. வெயிலில் காய வைக்கும் பழக்கமும் வேண்டாம், மார்க்கர் பேனா வண்ணம் கொஞ்ச நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். பழுப்புப் புள்ளிகள் வீட்டு வைத்தியத்தில் போகாது, அவை பரவாமல் இருந்தால் அதுவே போதும்.

ஒட்டிக்கொண்ட போஸ்டர் கலர்: அதில் வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பிசின் அல்லது மாவுப் பசை. ஈரத்தில் இளகும், காய்ந்தால் இறுகும். அதனால் இப்போது பிய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு முனையில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துத் தாளோடு படுக்கையாக நகர்த்துங்கள். மேலே இழுத்தால் வண்ணம் பெயரும். நகராவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்தே வைக்கலாம். இனிமேல் ஒவ்வொரு படத்துக்கும் இடையே கிளாசின் தாள் (மெல்லிய, வழுவழுப்பான தாள்) வையுங்கள். கிடைக்காவிட்டால் கேக் செய்யும் சிலிக்கான் பேக்கிங் தாள் பரவாயில்லை. எண்ணெய்ப் பாஸ்டல் எத்தனை வருடமானாலும் முழுக்கக் காயாது, அதற்கு இடைத்தாள் கட்டாயம். கனமாகப் பூசிய படத்தைச் சுருட்டி வைக்காதீர்கள், விரிக்கும்போது செதில் செதிலாக உதிரும்.

வண்டுக் கொடி: கெட்டியான ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்ததும் உடனே திறக்கக் கூடாது. பையை மூடியபடியே ஒரு நாள் வெளியே வைத்து, வெளிப்பக்க வியர்வை காய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். குளிரில் வண்ணம் நொறுங்கும் என்பதால் வளைக்கவும் வேண்டாம். வண்டு, முட்டை, இராமபாணம் எல்லாம் இதில் சாகும். பூஞ்சை சாகாது, குளிரில் அது தூங்கும், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், பயறு ஒட்டிய எதையும் படமெடுத்துவிட்டுக் கழித்துவிடுவது நல்லது. ஒரு கொடிக்காக மொத்தப் பெட்டிக்கும் சாப்பாடு வைப்பானேன்?

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். மலாயில் அதன் பெயரே உபாட் கெகாட், அதாவது இராமபாண மருந்து. அதனால்தான் எல்லோரும் நம்பி வாங்குகிறார்கள். ஆனால் அதில் இருக்கும் நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே இந்தக் குறைபாட்டுக்குச் சோதனை செய்கிறார்கள். பிள்ளைகள் அடிக்கடி திறந்து பார்க்கப் போகிற பெட்டியில் அந்த ஆவி எதற்கு? வேப்பிலையைக் காய வைத்துப் போட்டாலும் இலைத்தூள், கறை, மறுபடி பூச்சி.

பங்சார்_டீச்சர் பதில்:

பாதுகாப்பைப் பற்றி அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். நான் எதை வைப்பது என்று சொல்கிறேன். 300 தாள் இரண்டு வருடச் சேர்மானம் என்றால் ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டும், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்கு 20 முதல் 25 தாள் என்று வரம்பு வையுங்கள்.

வண்ணம் தீட்டும் அச்சுப் பயிற்சித்தாள் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான், அது போகட்டும். வைக்க வேண்டியது பிள்ளையின் கை தெரிகிற தாள்: சொந்தப் பெயரை முதன்முதலில் எழுதியது, 'ழ' வளையாமல் தலைகீழாக நிற்கும் உயிர்மெய்ப் பக்கம், 'என் குடும்பம்' கட்டுரை, சிவப்பு மையில் டீச்சர் திருத்திய ஒரு கணக்குப் பக்கம். திருத்தம் இருக்கிறதே என்று கூச்சப்பட்டு நூற்றுக்கு நூறு மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று 'நான்' என்ற தலைப்பில் படம் வரையச் சொல்லி வையுங்கள். கழுத்து எந்த ஆண்டில் வந்தது, விரல் எப்போது ஐந்தானது என்று வரிசையாகத் தெரியும்.

பயிற்சிப் புத்தகத்தை முழுதாக வைக்க வேண்டாம். அட்டையும் இரண்டு மூன்று பக்கமும் போதும். கம்பி கொக்கிகளை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், நம் ஊரில் ஒரே வருடத்தில் துருவேறித் தாளை அரித்துவிடும். பக்கங்கள் சேர்ந்து இருக்க வேண்டுமானால் மடிப்பில் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல் துளை வழியாக உள்ளே, அங்கிருந்து நேராகக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வந்து, நீள நூலுக்கு இரு பக்கமும் இரண்டு முனையையும் இழுத்து முடிச்சு. வெள்ளைப் பருத்தி நூல் போதும்.

மறந்துவிட வேண்டாம், பாடநூல் கடன் திட்டத்துப் புத்தகங்கள் பள்ளிக்குத் திரும்பப் போக வேண்டியவை, அவற்றில் எதையும் வெட்டாதீர்கள். அடைவுநிலை அறிக்கை, நற்சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம் இவை ஞாபகப் பெட்டிக்குள் போகக் கூடாது. 7 வயதில் பள்ளியில் போடும் தடுப்பூசிக்கு அந்தப் புத்தகத்தைத் தேடுவார்கள். பள்ளி மாறும்போது அறிக்கையைக் கேட்பார்கள். வீட்டு ஆவணங்களோடு வையுங்கள்.

பின்பக்கம் கீழ் மூலையில் 2பி பென்சிலால் பெயர், தேதி, வயது எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் வடு விழும், ஜெல் பேனா ஈரத்தில் பரவும். 'இது யானை இல்லை, தாத்தா' என்று பிள்ளை சொன்னால் அதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், அடுத்த வருடம் யாருக்கும் நினைவிருக்காது.

ஸ்கேன்_சிகாம்புட் பதில்:

கழிப்பதற்கு முன் படமெடுப்பது பற்றி. ஏ4 தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், 2480க்கு 3508 புள்ளி வரும். அதே அளவில் திரும்ப அச்சடிக்கலாம். சின்னப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் 600. கைப்பேசி ஸ்கேன் செயலிகளில் ஒரு வம்பு: தாளை வெள்ளையாக்குகிறேன் என்று வெளிர்மஞ்சள், வெளிர்நீலக் கோடுகளை எல்லாம் அழித்துவிடும். 'அசல் நிறம்' அல்லது 'புகைப்படம்' என்ற முறைக்கு மாற்றுங்கள்.

தங்கத்தாள், மினுமினுப்புத் தூள் ஸ்கேனரில் கறுப்பாக விழும். பொங்கல் பானை, தீபாவளி வாழ்த்தட்டை, தங்லோங் என்ற சீன விளக்கு இவற்றைக் கேமராவில்தான் எடுக்க வேண்டும். நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, ஃபிளாஷ் கூடாது. 2x வைத்து கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள், கிட்டே போய் எடுத்தால் தாளின் ஓரங்கள் வளையும். வெள்ளைத் தாள் சாம்பலாக விழுந்தால் வெளிச்சத்தை அரைப் படி கூட்டுங்கள்.

கோப்புப் பெயர் எண்ணில் தொடங்கட்டும்: வருடம், மாதம், பிள்ளை பெயர், வரிசை எண். அப்போதுதான் தானாக வரிசையாகும். ஒரு படம் 3 எம்பி என்றால் 300க்கும் 900 எம்பிதான், இடம் பெரிய செலவில்லை. மூன்று பிரதி வையுங்கள்: கணினி, வெளி டிஸ்க், மேகக் கணக்கு. வாட்சப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பியதைப் பிரதி என்று நம்ப வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடுகிறது.

தாள்_வைத்தியர்:

கோப்பு பற்றி விட்டுப்போனது. ஒளிபுகும் உறை வாங்கும்போது விரலால் கசக்கிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் பாலிப்ரொப்பிலீன். வழவழவென்று மிருதுவாக, புதிய குளியலறைத் திரை வாடை அடித்தால் பிவிசி. அது அச்சுத் தாளின் எழுத்துகளைத் தன் மேல் ஒட்டி எடுத்துக்கொள்ளும். பயிற்சித்தாளை உருவினால் எழுத்து உறையில் கண்ணாடிப் பிம்பமாக நிற்கும். ஒளிபுகும் ஒட்டுநாடாவும் வேண்டாம், மஞ்சளாகிப் பசை ஒழுகும். கிழிசலுக்குப் பின்பக்கம் மெல்லிய தாள் கீற்றும் மாவுப் பசையும் போதும், ஆனால் மாவுப் பசை போட்டால் ஈரம் 55க்குக் கீழே இருக்க வேண்டும்.

செராஸ்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. சின்னவள் மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து செய்த கை அச்சு ஒன்று இருக்கிறது. அது வியர்த்து வழிகிறது. அதைக் காப்பாற்ற வழியுண்டா? பெட்டிக்குள் ஈரமானி வைத்தால் அதை நம்பலாமா?

ஈப்போ_ரோடு_பைண்டர்:

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே உப்பில் இருக்கிறது. சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரத்துக்கு மேல் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையும். நம் ஊர்க் காற்று அதைவிட அதிகம், அதனால்தான் வியர்க்கிறது. நான்கு பருவ நாட்டு யூடியூப் பார்த்துச் செய்தால் இப்படித்தான்.

ஈரமானியைச் சோதிக்கவும் அதே உப்பு. பாட்டில் மூடியில் உப்பு எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் போலாக்குங்கள். அதையும் மானியையும் ஒரே ஜிப் பையில் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி ஐந்து குறைவாகச் சொல்கிறது, கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

கை அச்சை அவனில் 100 டிகிரிக்கு மேல் போகாமல் மூன்று நான்கு மணி நேரம், பாதியில் திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். ஆறியதும், மறுபடி ஈரம் இழுப்பதற்குள், தெளிந்த வார்னிஷ் இரண்டு மூன்று கோட். அடிப்பக்கமும் ஓரமும் விடக் கூடாது, ஊசிமுனை இடம் விட்டாலும் அதன் வழியே ஈரம் ஏறும். பிறகு தனி டப்பா, தனி சிலிகா ஜெல். தாள்களோடு சேர்க்காதீர்கள்.

அவனில் வைக்கும்போது வெடிப்பு விழலாம், அதனால் வைப்பதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ரேகை தெரியாது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சை ஒரு பக்கமாகத் தாழ்த்திப் பிடித்து எடுங்கள், பக்கத்தில் பள்ளி ரூலர் ஒன்றும் இருக்கட்டும். கை எவ்வளவு சின்னது என்று அதை வைத்துத்தான் பிறகு தெரியும்.